விஷவாயு, கிருமி யுத்தங்களில் குடிமக்கள் பாதுகாப்பு: ஓர் ஆராய்ச்சி

யுத்தகளத்தில் நிற்கும் சிப்பாய்க்கு முகமூடி உண்டு, பயிற்சி உண்டு, அபாயம் நேரும்போது கட்டளையிட ஓர் அதிகாரியும் உண்டு. அதே காற்றைச் சுவாசிக்கும் தொட்டில் குழந்தைக்கும், நோய்ப்படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் என்ன உண்டு? 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே ஜெர்மானியப் படை டன் கணக்கில் குளோரின் வாயுவைக் காற்றில் திறந்துவிட்ட அன்றே இந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். ஆனால் காற்று பதுங்குகுழியோடு நின்றுவிடாமல் ஊருக்குள்ளும் வீசும் என்ற எளிய உண்மை, 1917 ஜூலையில் பிரான்ஸின் எல்லை நகரமான ஆர்மான்டியேரில் கடுகு வாயுக் குண்டுகள் விழுந்து, ஊரைவிட்டுப் போகாமல் இருந்த குடிமக்களில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தது. கடுகு வாயு பட்ட உடனே வலி தருவதில்லை; சில மணி நேரம் கழித்தே கண்ணும் தோலும் சுவாசக் குழலும் வெந்து கொப்புளிக்கும். குண்டுவீச்சு ஓய்ந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி அந்த மண்ணிலேயே நடமாடியவர்களைத்தான் அது பெரிதும் பிடித்தது.

அதன்பின் கழிந்துள்ள நூறாண்டுகளில், சர்க்கார்கள் இத்துறையில் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் வரிசையாக எடுத்துப் பார்க்கும் எவருக்கும் ஓர் உண்மை மெல்ல மெல்லப் புலப்படும். இரப்பரும் கரியும் சேர்ந்த விசேஷ சாதனங்கள் காத்த உயிர்களைக் காட்டிலும், சோப்பும் தண்ணீரும், விழிப்புள்ள ஆஸ்பத்திரியும், தாமதமின்றி உண்மையைச் சொல்லும் அதிகாரியும் காத்த உயிர்கள், அல்லது காத்திருக்கக்கூடிய உயிர்கள், அதிகம் என்பதே அது. இந்த முடிவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், முகமூடியை அலட்சியப்படுத்துவதன்று. முகமூடி வாங்கி வைத்துவிட்டோம் என்ற திருப்தியில் மற்றவை மறக்கப்படுகின்றன என்பதே என் கவலை.

முகமூடியின் கதை வேகமாக வளர்ந்த கதை. குளோரின் தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே, சுரங்க வாயுக்களை ஆராய்ந்து பெயர் பெற்ற ஜான் ஸ்காட் ஹால்டேன் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். சோடா உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சைத் துணியில் பொதிந்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வதே அன்றைய தற்காப்பு. அதே ஆண்டில் ருஷ்ய ரசாயன நிபுணர் நிக்கலாய் செலின்ஸ்கி, பக்குவப்படுத்திய மரக்கரி தன் நுண்துளைகளில் விஷ வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையை முகமூடிக்குப் பயன்படுத்தினார். இன்றுவரை எல்லா முகமூடிகளின் உயிர்நாடியும் அந்தக் கரியே. ஆயினும் கரி காப்பது சுவாசத்தை மட்டும். தோல் வழியே புகும் விஷத்துக்கு அது எதிரியாகாது.

குடிமக்கள் யாவருக்கும் முகமூடி என்ற பெருமுயற்சியை முதலில் மேற்கொண்ட தேசம் பிரிட்டன். 1935-36-இல், விஷவாயுப் பிரயோகத்தைத் தடுக்கும் ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்த இத்தாலி, எத்தியோப்பிய மக்கள்மீது விமானங்களிலிருந்து கடுகு வாயுவைத் தெளித்ததைக் கண்டு ஐரோப்பா நடுங்கியது. ஆப்பிரிக்க மக்களுக்கு நேர்ந்தபோது வராத நடுக்கம், தன் தலைக்கு மேலும் விமானம் பறக்கக்கூடும் என்று தெரிந்தபோது வந்தது என்று சொல்வதே சரி. 1938 செப்டம்பரில், ஜெர்மனியோடு யுத்தம் மூளும் என்ற அச்சத்தில் மியூனிக் நெருக்கடி முற்றியபோது, ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் முகமூடிகள் வீடு வீடாகவும் பள்ளிக்கூடங்களிலும் வழங்கப்பட்டுவிட்டன. சிறு குழந்தைகள் அஞ்சாமல் அணியும் பொருட்டுச் சிவப்பும் நீலமுமாக ஒரு தினுசு செய்யப்பட்டது. கைக்குழந்தைக்கோ, உடலின் மேற்பாகத்தை முழுவதும் மூடும் ஒரு பெரிய கவசம். அதற்குள் தாய் துருத்தியை அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்த வேண்டும். மியூனிக் நெருக்கடியின்போது அந்தக் கவசம் ஒன்றுகூடத் தயாராக இல்லை என்பதைத் தாய்மார்கள் மறக்கவில்லை. தபால் பெட்டிகளின் தலைப்பாகத்தில் வாயு பட்டால் நிறம் மாறும் வர்ணம் பூசப்பட்டது; வாயு வருகிறது என்று அறிவிக்க மரக் கிலுகிலுப்பையும், நீங்கிற்று என்று அறிவிக்கக் கைமணியும், விமானத் தாக்குதல் காவலர்களான வார்டன்களிடம் கொடுக்கப்பட்டன.

முகமூடியோடு கூட, வீட்டில் ஓர் அறையைத் தேர்ந்து, கதவு ஜன்னல் இடுக்குகளைக் காகிதமும் பசையும் கொண்டு அடைத்து, வாயு புகாத அறையாக்கிக்கொள்ளும்படியும் சர்க்கார் உபதேசித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இளம் விஞ்ஞானிகள் சிலர், யுத்த எதிர்ப்புக் குழுவாகக் கூடி, அந்த உபதேசத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். அவ்வாறு அடைத்த அறைகளிலும் காற்றுக் கசிவு கணிசமாக இருந்ததை அளந்து, 1937-இல் வெளியிட்டார்கள். ஏழைகள் குடியிருக்கும் பழைய வீட்டில், ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழும்போது, அடைப்பதற்கென்று தனி அறை ஏது என்ற கேள்விக்கும் சர்க்காரிடம் விடை இல்லை. முன்சொன்ன ஹால்டேனின் குமாரர் ஜே.பி.எஸ். ஹால்டேன், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் விமானத் தாக்குதல்களை நேரில் கண்டு திரும்பி, 1938-இல் எழுதிய நூலில், வாயுவைவிட வெடிகுண்டே நகரவாசிகளுக்குப் பேராபத்து என்றும், முகமூடியோடு நின்றுவிடாமல் ஆழமான சுரங்கப் புகலிடங்களைக் கட்ட வேண்டும் என்றும் வாதாடினார். இவரே பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து இந்தியப் பிரஜையாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர்.

ஹால்டேன் சொன்னது பலித்தது. லண்டன்மீது வெடிகுண்டுகள் மழையாகப் பொழிந்தன. வாயுக் குண்டு ஒன்றும் விழவில்லை. அப்படியானால் அத்தனை முகமூடிகளும் வீண்தானா? ஜெர்மனி தயங்கியதற்குப் பதிலடி பற்றிய அச்சமே முக்கிய காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். தாக்கப்படுவோர் ஆயத்தமாக இருந்தது அந்தத் தயக்கத்துக்கு எவ்வளவு துணை செய்தது என்பதை நிறுத்து அளக்க இயலாது. வேறு இரண்டு உண்மைகளோ நிச்சயமானவை. பூச்சிகொல்லி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஜெர்மானிய ரசாயன நிபுணர் கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936-இல் டாபூனையும், சில ஆண்டுகளில் தம் சகாக்களுடன் சாரினையும் கண்டறிந்திருந்தார். நரம்பைத் தாக்கி, தோல் வழியாகவும் புகக்கூடிய இந்த விஷங்கள் இருப்பதே நேச நாடுகளுக்கு யுத்தம் முடியும்வரை தெளிவாகத் தெரியாது. அதாவது, பிரிட்டிஷ் குடிமகன் சுமந்து திரிந்த முகமூடிப் பெட்டி, பழைய யுத்தத்தின் விஷத்துக்கு ஏற்ற பெட்டி. இரண்டாவது உண்மை இன்னும் கசப்பானது. முகமூடிகளின் வடிகட்டியில் நீல ஆஸ்பெஸ்டாஸ் இழை சேர்க்கப்பட்டது. யுத்த காலத்தில் அந்த வடிகட்டிகளைப் பொருத்திய தொழிற்சாலைப் பெண்கள் பலர், பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் உறைப் புற்றுநோயால் மாண்டார்கள். எதிரியின் வாயு ஒருவரையும் கொல்லாத இடத்தில், வாயுவைத் தடுக்கச் செய்த கருவி கொன்றது.

புகலிடம் பற்றிய விஷயத்திலும் இத்தகைய முரண்பாடு உண்டு. வெடிகுண்டுக்கு அஞ்சுபவன் நிலவறைக்குள் இறங்க வேண்டும். காற்றைவிடக் கனமான விஷவாயுவுக்கு அஞ்சுபவன் மேட்டுக்கும் மாடிக்கும் ஏற வேண்டும். 1988 மார்ச் 16-ஆம் தேதி இராக்கின் குர்திய நகரமான ஹலப்ஜாவில் நடந்தது இதற்குக் கொடிய சாட்சி. முதலில் சாதாரணக் குண்டுகள் விழுந்தன. ஜன்னல் கண்ணாடிகள் சிதறின. அனுபவம் கற்பித்தபடி ஜனங்கள் நிலவறைகளுக்குள் இறங்கினார்கள். பிறகு விழுந்த வாயுக் குண்டுகளின் விஷம் அந்த நிலவறைகளிலேயே இறங்கித் தேங்கியது. மாண்டவர்கள் 5,000 பேர் வரை என்பது மதிப்பீடு. 2013 ஆகஸ்டில் சிரியாவின் கூட்டாவில் நடந்த விஷவாயுத் தாக்குதலிலும், நிலவறைகளில் ஒதுங்கிய குடும்பங்களுக்கு இதே கதி நேர்ந்தது. கால் நூற்றாண்டு கழிந்தும் பாடம் அந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை.

இஸ்ரேலில் 1991-இல் நேர்ந்தது வேறு விதம். இராக்கிய ஏவுகணைகள் விஷம் தாங்கி வரும் என்ற அச்சத்தில், முகமூடியும், நரம்பு விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஊசியும் அடங்கிய பெட்டி குடிமக்களுக்கு வழங்கப்பட்டது. அறையைப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டு நாடாவும் கொண்டு அடைக்கும்படி கட்டளை பிறந்தது. விழுந்த ஏவுகணைகள் எதிலும் விஷமில்லை. ஆனால் வடிகட்டியின் அடைப்பை நீக்காமலே முகமூடியை மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. விஷம் தீண்டாதபோதே அட்ரோபினைக் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 230 பேர். பயிற்சியில்லாத கையில் உபகரணமும் ஓர் அபாயமே. மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையில் வாழ்ந்த பாலஸ்தீனர்களுக்கு முகமூடிகள் வழங்கப்படவில்லை. ஒருவர் வழக்குத் தொடுத்தபின், அவர்களுக்கும் வழங்க வேண்டுமென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விஷவாயு ஆளைப் பார்த்து வீசுவதில்லை. முகமூடி மட்டும் ஆளைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது.

இனி, யுத்தமே இல்லாத ஒரு நகரம், யுத்த ஆயுதத்தால் தாக்கப்பட்ட கதைக்கு வருவோம். 1995 மார்ச் 20-ஆம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணி அளவில், டோக்கியோவின் சுரங்க ரயில் பாதைகள் மூன்றில் ஓடிய ஐந்து வண்டிகளில், ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழுவினர் சாரின் நிரப்பிய பைகளைக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், பன்னிரண்டு பேருக்கு மேல் இறந்தனர். இறந்தவர்களில், கசிந்து கிடந்த பொட்டலம் இன்னதென்று அறியாமல் அப்புறப்படுத்தப் போன ரயில் நிலைய ஊழியர்களும் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் நடந்தும், வாடகைக் காரிலும், வழிப்போக்கர் வண்டியிலுமாக ஆஸ்பத்திரிகளை அடைந்தனர். ஆகவே, சம்பவ இடத்திலேயே அனைவரையும் கழுவிச் சுத்தம் செய்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம் என்று வகுக்கப்படும் திட்டங்கள் எல்லாம் காகிதத் திட்டங்களே.

செயின்ட் லூக் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தனர். அதன் தலைவர் ஹினோஹாரா ஷிகேயாக்கி, யுத்த காலத்தில் டோக்கியோ எரிந்தபோது நோயாளிகளைப் படுக்கவைக்கவும் இடமின்றித் தவித்ததை மறவாதவர். 1992-இல் புதிய கட்டடம் எழுந்தபோது, பிரார்த்தனைக் கூடத்தின் சுவர்களிலும் தாழ்வாரங்களிலும்கூடப் பிராணவாயுக் குழாய் பதிக்கச் செய்திருந்தார். வீண் செலவு என்று அன்று விமர்சித்தவர்கள் உண்டு. மூன்றாண்டுகளில் அந்தக் கூடமே நோயாளர் விடுதியாயிற்று. ஆனால் தீர்க்கதரிசனத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. வந்தவர்களின் உடைகளைக் களையச் செய்யவில்லை. காற்றோட்டம் குறைந்த அந்தக் கூடத்தில், அவர்களுடைய உடைகளிலிருந்து எழுந்த ஆவி வைத்தியர்களையும் தாதியரையும் பற்றியது. பணியாளர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பார்வை மங்கல், தலைவலி முதலிய குறிகளைக் கண்டனர். உடையைக் களைந்து, சோப்பிட்டு நிறையத் தண்ணீரில் கழுவுவது உடம்பில் படிந்த விஷத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடும் என்பது வைத்தியர் அனைவரும் ஒப்பிய உண்மை. செலவற்ற அந்தக் காரியமே அன்று விடுபட்டுப்போயிற்று.

விஷம் இன்னதென்று முதலில் ஊகித்தவர்களில் ஒருவர், ஏறத்தாழ நூறு மைல்களுக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் பேசிய ஒரு வைத்தியப் பேராசிரியர் என்பதும் சிந்தனைக்குரியது. முந்தைய ஆண்டு ஜூனில் இதே குழுவினர் மட்சுமோட்டோ நகரில் சாரினைப் பரப்பியிருந்தனர். அந்நோயாளிகளைக் கவனித்த அனுபவமுடைய ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் யானகிசாவா நொபுவோ, டெலிவிஷனில் காட்சியைக் கண்டதும், கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்குவதை நினைவூட்டி டோக்கியோ ஆஸ்பத்திரிகளுக்குத் தகவல் சொன்னார். ‘பாம்’ என்று வைத்தியர்கள் சுருக்கமாக அழைக்கும் மாற்று மருந்து தலைநகரில் போதாமல், பிற ஊர்களிலிருந்து அதிவேக ரயிலில் ஏற்றி வரப்பட்டது. தலைநகரில் ஏன் போதவில்லை? பூச்சிமருந்து விஷத்துக்குக் கொடுக்கும் மருந்து அது. பூச்சிமருந்து கிராமத்தின் விஷம். நம் தமிழ்நாட்டின் ஜில்லா ஆஸ்பத்திரிகளில், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் குடித்து நுரைதள்ளி வருபவர்களுக்கு அட்ரோபின் ஏற்றி இரவெல்லாம் விழித்திருக்கும் இளம் டாக்டருக்கும் தாதிக்கும், நரம்பு விஷத்தின் குறிகளைப் பற்றி ஐரோப்பிய ராணுவ நிபுணர்கள் பலரைவிட நேரடி அனுபவம் அதிகம். அந்த அனுபவத்துக்கு ஆதாரம் நம் சமூகத்தின் ஒரு பெருந்துயரம் என்பது உண்மையே. ஆயினும் அந்த அனுபவம் தேசப் பாதுகாப்பின் ஓர் அங்கம் என்று எந்தச் சர்க்காரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விஷத்துக்குத் துணைபோகும் மற்றொரு சக்தி இரகசியம். 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தை ஜெர்மானிய விமானங்கள் தாக்கியபோது, அங்கே நின்ற ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் ஏறத்தாழ 2,000 இருந்தன. அதை அறிந்தவர்கள் கப்பலோடு மாண்டார்கள்; அறிந்திருந்த மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. எண்ணெயும் விஷமும் கலந்த நீரிலிருந்து மீட்கப்பட்ட மாலுமிகளை ஈர உடையோடு கம்பளியில் போர்த்திப் படுக்கவைத்தார்கள்; 80-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். நகரத்துக் குடிமக்களில் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ஒரு ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் வித்துகள் காற்றில் கசிந்து, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கெட்ட மாமிசத்தின் மேல் பழி போடப்பட்டது. ஆஸ்பத்திரி ஏடுகளை உளவுத்துறை எடுத்துப் போயிற்று. பிணப் பரிசோதனை செய்த ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பர்க் என்னும் இரு வைத்தியர்கள் திசு மாதிரிகளை மறைத்துக் காத்துவைத்ததால்தான், இறந்தவர்கள் சுவாசத்தின் மூலம் நோயுற்றார்கள் என்பது பின்னாளில் நிரூபணமாயிற்று.

கிருமி யுத்தத்தில் அபாயச் சங்கு ஊதுவதற்கான வேளையே கிடையாது. நெடியில்லை, புகையில்லை, நோய் அடைகாத்து வெளிப்படும்போது, அதைப் பரப்பியவன் நாட்டைவிட்டே போயிருக்கலாம். 1984-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர், உள்ளூர்த் தேர்தலில் எதிர்த்தரப்பினர் வாக்களிக்க வராமல் தடுப்பதற்கான ஒத்திகையாக, உணவு விடுதிகளின் காய்கறிக் கலவைகளில் சால்மொனெல்லா கிருமியைத் தூவினார்கள். 751 பேர் நோயுற்றனர். விடுதிப் பணியாளர்களின் அசுத்தமே காரணம் என்று சுகாதார அதிகாரிகள் முடிவு கட்டினர். உண்மை வெளிப்பட ஓராண்டு ஆயிற்று. இயற்கை நோய்க்கும் ஏவப்பட்ட நோய்க்கும் ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியாது. ஆகவே இரண்டுக்கும் காவல் ஒன்றே: அசாதாரணமான ஒரு நோயாளியைக் கண்டதும் சந்தேகிக்கும் வைத்தியர், அவருடைய சந்தேகத்தை விரைந்து பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம், முடிவை மறைக்காத சுகாதார இலாகா. கொரிய யுத்தத்தின்போது கிருமித் தாக்குதலுக்கு அஞ்சி 1951-இல் அலெக்ஸாண்டர் லாங்மியூர் அமெரிக்காவில் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுப் படை, எதிர்பார்த்த கிருமி யுத்தம் வராமலே, உலகின் பல நாடுகளில் நோய்களைத் துப்புத் துலக்கப் பயன்பட்டது. அதே நாட்டில், 2001-இல் ஆந்த்ராக்ஸ் பொடி வைத்த கடிதங்களால் 22 பேர் நோயுற்று 5 பேர் மாண்டபோது, செனட் அலுவலகத்தாருக்கு உடனே பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. அந்தக் கடிதங்களைக் கையாண்ட வாஷிங்டன் தபால் நிலையத் தொழிலாளர்களுக்கோ தாமதமாயிற்று. அவர்களில் இருவர் இறந்தனர்.

சர்வதேசச் சட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1925-இன் ஜெனீவா உடன்படிக்கை பிரயோகத்தைத் தடுத்தது, சேமிப்பைத் தடுக்கவில்லை. 1997-இல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கைக்கு ஹேக் நகரில் சோதனையாளர்கள் உண்டு. அதன் பத்தாவது விதி, தாக்கப்பட்ட நாட்டுக்கு மற்ற நாடுகள் உதவும் ஏற்பாட்டைக் கூறுகிறது. இந்தியா தன் வசமிருந்த இருப்பை அறிவித்து, 2009-இல் அழித்து முடித்தது. 1975-இல் அமலுக்கு வந்த கிருமி ஆயுத உடன்படிக்கைக்கோ, சோதனை செய்யும் அமைப்பு இன்றுவரை கிடையாது.

நம் தேசத்தில் விஷவாயு என்றதும் நினைவுக்கு வருவது யுத்தமன்று, போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, அங்கிருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து கசிந்த மீதைல் ஐசோசயனேட் வாயு எத்தனை ஆயிரம் பேரைக் கொன்றது என்பதில் இன்றும் கணக்கு ஒத்துவரவில்லை. சங்கு உரிய வேளையில் ஒலிக்கவில்லை. ஒலித்தாலும் அதன் பொருள் இன்னதென்று ஊராருக்கு எவரும் சொல்லி வைத்திருக்கவில்லை. காற்று போகும் திசையிலேயே ஓடியவர்கள் ஓட ஓட மூச்சிரைத்து அதிக விஷத்தை உட்கொண்டனர். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வாக்கியம், ஹிந்தியிலும் உருதுவிலும், ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டிருந்தால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும். வைத்தியர்களுக்கோ, அது கண்ணெரிச்சல் தரும் வாயு என்ற அளவுக்கு மேல் தொழிற்சாலைத் தரப்பிலிருந்து தகவல் வரவில்லை.

அதற்குப் பின் நாட்டில் ஏற்பாடுகள் பெருகியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது. விஷவாயு, கிருமி அபாயங்களுக்கான பயிற்சி பெற்ற குழுக்கள் அதில் உண்டு. ஆனால் அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வரும் நேரத்துக்குள், நரம்பு விஷம் தன் வேலையை முடித்துவிடும். முதல் அரை மணி நேரத்தில் மக்களுக்குத் துணை, அண்டை வீட்டாரும், தெருவோர மருந்துக் கடைக்காரரும், ரயில்வே போர்ட்டரும், அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் வாயிற்காவலருமே. அவர்களுக்கு என்ன தெரியும் என்பதே குடிமக்கள் பாதுகாப்பின் உண்மையான அளவு. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி எழுந்து, எங்கே போவதென்று அறியாமல் தெருவுக்கு ஓடிவந்தன. போபாலுக்கும் அந்த இரவுக்கும் இடையே முப்பத்தொன்பது ஆண்டுகள்.

அபாயகர ரசாயனங்களைப் பற்றிய 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, ஆலைக்கு வெளியே வசிப்பவர்களுக்கு நேரக்கூடிய விபத்தின் தன்மையையும், அப்போது அவர்கள் செய்ய வேண்டியதையும் அறிவிப்பது கடமையாக்கப்பட்டிருக்கிறது; ஆலைக்கு வெளியேயான அவசர காலத் திட்டம் ஒன்றையும் ஜில்லா அதிகாரி வைத்திருக்க வேண்டும். மணலியிலோ, எண்ணூரிலோ, கடலூர்த் தொழிற்பேட்டையை ஒட்டியோ வசிக்கும் வாசகர்கள், தங்கள் பகுதிக்கான அந்தத் திட்டம் தமிழில் இருக்கிறதா, சங்கின் பொருள் என்ன, எந்தத் திசையில் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், பக்கத்து ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தின் இருப்பு எவ்வளவு என்ற கேள்விகளைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அனுப்பிப் பதில் பெறும்படி வேண்டுகிறேன்.